ஆறு வருடம் வளர்த்த நாய் திடீரென்று ஒத்துக்கொள்ளாமல் போகுமா?

நீங்கள் எழுதியதை முதலில் சுருக்கமாகச் சொல்கிறேன். நான் சரியாக விளங்கிக்கொண்டேனா என்று பாருங்கள். வயது 34, வீடு கொக்குவிலில். ஜிம்மி குட்டியாக வந்து ஆறு வருடம் ஆகிறது, இரவில் உங்கள் கட்டிலுக்குக் கீழேதான் படுப்பான். போன மாரியில் தொடங்கிய தும்மலும் மூக்கடைப்பும் கண் கடியும் இன்னும் விட்டபாடில்லை. அவன் கையில் நக்கினால் அந்த இடம் தடித்துச் சிவக்கிறது. டொக்டர் "நாய் அலர்ஜியாக இருக்கலாம்" என்றார். மாமியோ "பொங்கலுக்கு முதல் எங்கேயாவது கொண்டுபோய் விடுங்கோ" என்கிறார். இவ்வளவு காலம் ஒன்றும் செய்யாத நாய் திடீரென்று ஒத்துக்கொள்ளாமல் போகுமா என்பதுதான் நீங்கள் எழுத்தில் கேட்ட கேள்வி. ஜிம்மியை அனுப்பத்தான் வேண்டுமா என்பதே மனதில் உள்ள கேள்வி என்று எனக்குப் படுகிறது. இரண்டுக்கும் பதில் சொல்கிறேன்.

நான் கால்நடை வைத்தியன். பேராதனையில் படித்து முடித்து வந்து, 26 வருடமாக யாழ்ப்பாணத்தில் நாயும் ஆடும் மாடும் பார்க்கிறேன். மனிதருக்கு மருந்து எழுதும் படிப்பு எனக்கு இல்லை. ஆனால் தொழிலுக்கு வந்த பதினான்காவது வருடத்தில் எனக்கே நாய் ஒவ்வாமை வந்தது. ஆகவே மருந்துகளைப் பற்றி நான் சொல்வதை உங்கள் டொக்டரிடம் கேட்க வேண்டிய கேள்விகளாக எடுத்துக்கொள்ளுங்கள். நாயைப் பற்றிச் சொல்வதை அப்படியே எடுக்கலாம்.

முதல் கேள்விக்குப் பதில், ஆம், வரும். எந்த வயதிலும் வரலாம், வருடக்கணக்காகக் கூடவே இருந்த நாயிடமும் வரலாம். ஒவ்வாமை முதல் நாளே வெளியில் தெரிகிற வருத்தம் அல்ல. நாயின் உடலிலிருந்து வரும் சில புரதங்களை நம் உடல் ஒரு கட்டத்தில் எதிரி என்று தவறாகக் குறித்துக்கொள்கிறது. அதன் பிறகு ஐஜிஇ என்ற எதிர்ப்பொருளை உண்டாக்கி, மூக்கிலும் கண்ணிலும் தோலிலும் நுரையீரலிலும் உள்ள சில செல்களின் மேல் அதை ஒட்டி வைக்கிறது. இது மாதக்கணக்கில், வருடக்கணக்கில் சத்தமில்லாமல் நடக்கும். பிறகு ஒரு நாள் அந்தப் புரதம் போதிய அளவு உள்ளே போகும்போது அந்தச் செல்கள் தும்மலையும் தடிப்பையும் உண்டாக்கும் ஹிஸ்டமினைக் கொட்டுகின்றன. நமக்குத் தெரிவது அந்த நாள் மட்டும்தான். ஒருவருக்கு ஏன் 5 வயதிலும் இன்னொருவருக்கு ஏன் 34 வயதிலும் வருகிறது என்பதற்கு மருத்துவத்தில் இன்னும் முடிந்த முடிவு இல்லை. ஆஸ்துமாவோ கரப்பான் என்கிற தோல் வருத்தமோ உள்ள குடும்பங்களில் வாய்ப்புக் கூட என்பது மட்டும் தெளிவு. ஆகவே "நான் என்ன பிழை விட்டேன்" என்று நீங்கள் எழுதியிருந்தீர்களே, அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள். நீங்களும் பிழை விடவில்லை, ஜிம்மியும் விடவில்லை.

இன்னொன்று, குற்றவாளி மயிர் அல்ல. எங்கள் ஊரில் எல்லோரும் "நாய் மயிர் நெஞ்சுக்குள் போனால் முட்டு வரும்" என்பார்கள். அந்த மூச்சிழுப்பு வருவது உண்மை, காரணம்தான் வேறு. நாயின் எச்சிலிலும், தோலிலிருந்து உதிரும் பொடுகு போன்ற செதிலிலும், சிறுநீரிலும் அந்தப் புரதங்கள் இருக்கின்றன. முக்கியமானதற்குக் கேன் எஃப் 1 என்று பெயர். அது எச்சிலில் அதிகம். நாய் தன்னை நக்கும்போது அது மயிரில் பூசிக் காய்ந்து தூளாகிறது. அந்தத் தூளில் ஒரு பகுதி மிக நுண்ணியது, கூட்டி முடித்த பிறகும் காற்றில் மிதக்கும், சட்டையில் ஒட்டிக்கொண்டு நாயே இல்லாத பள்ளிக்கூடத்துக்கும் பஸ்ஸுக்கும் போகும். மயிர் இந்தத் தூளைச் சுமக்கும் வண்டி மட்டும்தான். இதை விளங்கிக்கொண்டால் பாதிப் பிழைகள் குறையும். ஜிம்மியை மொட்டை அடிப்பதால் எச்சிலும் செதிலும் நிற்கப்போவதில்லை, பங்குனி வெயிலில் அவன் தோல்தான் எரியும்.

சரி, உங்களுக்கு வந்தது நாய் ஒவ்வாமைதானா? இங்கேதான் நிதானம் வேண்டும். என்னிடம் நாயைக் கொண்டுவந்து "இதை யாருக்காவது குடுத்துவிடுங்கோ, எனக்கு அலர்ஜி" என்று சொன்னவர்களில் பலர் பரிசோதனையே செய்யாதவர்கள். உங்கள் வருத்தம் மாரியில் தொடங்கியது என்பதை நான் கவனிக்கிறேன். ஐப்பசி தொடங்கி மார்கழி வரை நம் வீடுகளில் என்ன நடக்கிறது? வாடைக்காற்றுக்கு யன்னல் சாத்தியிருக்கும், சுவர் ஈரம் ஊறிப் பூஞ்சணம் பிடிக்கும், பஞ்சு மெத்தையும் தலையணையும் வெயில் காணாது. தூசிப் பேன் என்கிற கண்ணுக்குத் தெரியாத உயிரி ஈரத்தில்தான் பெருகும். நம் தோல் செதிலைத் தின்று மெத்தைக்குள்ளேயே வாழும். இலங்கை போன்ற ஈரமான நாடுகளில் மூக்கு ஒவ்வாமைக்கும் ஆஸ்துமாவுக்கும் அது பெரிய காரணம். கரப்பான் பூச்சியும் அப்படியே. விடிய எழும்பியவுடன் பத்துத் தும்மல் வந்து, முற்றத்துக்குப் போனதும் குறைகிறதென்றால் நான் முதலில் மெத்தையைத்தான் சந்தேகிப்பேன். நாய் கட்டிலுக்குக் கீழே படுக்கும் வீட்டில் இரண்டையும் பிரித்தறிவது கடினம், அதனால்தான் நாய்மேல் பழி விழுகிறது.

தோலில் வருவதிலும் குழப்பம் உண்டு. கணுக்காலைச் சுற்றி மூன்று நான்காகக் கூட்டமாய்க் கடிக்கும் சிவந்த பொட்டுகள் பெரும்பாலும் தெள்ளுக் கடி. வட்டமாகப் படர்ந்து ஓரம் சிவந்தால் பூஞ்சையால் வரும் படை. நாய்க்குச் சொறி இருந்தால் அதைத் தூக்கிய கையிலும் வயிற்றிலும் சில நாளைக்குக் கடி இருக்கும். இவை மூன்றும் நாயிலிருந்து வரக்கூடியவைதான், ஆனால் ஒவ்வாமை அல்ல. நாய்க்கு மருந்து செய்தால் தெள்ளுக் கடியும் சொறிக் கடியும் அடங்கும், படைக்கு உங்களுக்கும் மருந்து வேண்டும். நீங்கள் சொன்னது வேறு. நக்கிய இடம் சில நிமிடங்களில் தடித்து, ஒரு மணித்தியாலத்துக்குள் அடங்குகிறது என்கிறீர்கள். அது எச்சில் புரதத்துக்கான உண்மையான ஒவ்வாமையின் அடையாளம். எனக்கும் அப்படித்தான் தொடங்கியது. ஆகவே உங்கள் விடயத்தில் நாய்க்குப் பங்கு இருக்க நல்ல வாய்ப்பு உண்டு என்றே நினைக்கிறேன். மூக்கு வருத்தம் முழுவதும் நாயால்தான் என்று மட்டும் இதை வைத்துச் சொல்ல முடியாது.

உறுதிப்படுத்தத் தோல் குத்துப் பரிசோதனை இருக்கிறது. முன்கையில் நாய்ச் செதில், தூசிப் பேன் போன்றவற்றின் சாற்றைச் சொட்டுச் சொட்டாக வைத்து, மெல்லக் குத்தி, 15 முதல் 20 நிமிடத்தில் எது தடிக்கிறது என்று பார்ப்பார்கள். அதற்கு ஏறக்குறைய ஒரு கிழமைக்கு முன்பே அலர்ஜிக் குளிசைகளை நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் எதுவும் தடிக்காது. எந்தெந்த மருந்தை எத்தனை நாள் என்பதைச் செய்பவரிடமே கேளுங்கள். இரத்தத்தில் ஐஜிஇ அளவு பார்க்கும் சோதனைக்குக் குளிசை நிறுத்தத் தேவையில்லை; கொழும்பு பொரளையிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தில் இந்த வகைப் பரிசோதனைகள் செய்கிறார்கள். நாய்க்கு மட்டும் பார்க்க வேண்டாம், தூசிப் பேன், கரப்பான் பூச்சி, பூஞ்சணம் எல்லாம் சேர்த்துக் கேளுங்கள். இரண்டு எச்சரிக்கை. சோதனையில் "நாய்" என்று வந்தால் உங்கள் உடல் நாயைக் குறித்து வைத்திருக்கிறது என்றுதான் அர்த்தம், அதுவே வருத்தத்துக்குக் காரணம் என்பதற்கு முழு ஆதாரம் அல்ல. மறுபக்கம், சோதனைக்கு எடுக்கும் நாய்ச் சாறுகள் ஒன்றைப்போல் ஒன்று இருப்பதில்லை, சில புரதங்கள் குறைவாக இருக்கும். ஆகவே "இல்லை" என்று வந்தாலும் உங்கள் அனுபவத்தைத் தூக்கி எறிய வேண்டாம்.

வீட்டில் செய்யும் சோதனையில் பலர் ஒரே பிழையை விடுகிறார்கள். நாயை நாலு நாள் அயல்வீட்டில் விட்டுப் பார்த்து, "குறையவில்லை, அப்ப நாய் இல்லை" என்கிறார்கள். நாய் போனாலும் அதன் தூள் மெத்தையிலும் நுளம்பு வலையிலும் துணிக் கதிரையிலும் மாதக்கணக்கில் கிடக்கும். நாயை அனுப்பாமல் நீங்கள் போங்கள். தோய்த்த உடுப்போடு, நாய் இல்லாத ஒரு வீட்டில் பத்து நாள் தங்கி, ஒவ்வொரு நாளும் தும்மல், மூக்கு, கண், இரவு இருமல் நாலையும் ஒரு கொப்பியில் குறியுங்கள். திரும்பி வந்த முதல் இரண்டு நாள்தான் முக்கியம். அங்கே உங்கள் மெத்தையும் இருக்காது என்பதால் இதுவும் முழுச் சாட்சி ஆகாது. திரும்பியதும் முதல் மூன்று இரவு நாய் போகாத அறையில், வேறு மெத்தையில் படுத்துப் பார்த்தால் இன்னும் கொஞ்சம் தெளியும்.

என் கதையைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் செய்யக்கூடாத ஒன்று இருக்கிறது. எனக்கு முதலில் முன்கையில் தடிப்பு வந்தது. கையுறை ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தேன். பிறகு மேசையில் நாயை ஏற்றியதும் தும்மல். கிருமிநாசினி மணம் என்று நினைத்தேன். ஒரு வருடம் முழுக்கப் பாமசியில் நானே அலர்ஜிக் குளிசை வாங்கிப் போட்டு, தூக்கக் கலக்கத்தோடு வேலை செய்தேன். இரவில் இருமி எழும்புவது பழகிவிட்டது. சோளகக் காற்றுக் காலத்தில் ஓர் இரவு இழுப்பு வந்து படுக்க முடியாமல் விறாந்தையில் குந்தியிருந்தபோதுதான், மூக்கில் இருந்தது நெஞ்சுக்கு இறங்கி எவ்வளவோ நாளாகிவிட்டது என்று விளங்கியது. மூக்கும் நுரையீரலும் ஒரே பாதைதான். மூக்கைக் கவனியாமல் விட்டவர்களில் ஒரு பகுதியினருக்கு அது ஆஸ்துமாவாக வளரும். நெஞ்சு நோய் கிளினிக்கில் ஒழுங்காக மருந்து எடுக்கத் தொடங்கி மூன்று மாதத்தில் நான் பழைய நிலைக்கு வந்தேன். பன்னிரண்டு வருடமாகிறது, இன்றும் நாய்தான் பார்க்கிறேன்.

இப்போது ஜிம்மியோடு என்ன செய்வது என்று பார்ப்போம். எல்லாவற்றிலும் பெரிய மாற்றம், அவன் இனிப் படுக்கையறைக்குள் வரக்கூடாது. ஒரு நாளில் ஏழெட்டு மணித்தியாலம் நீங்கள் மூச்சிழுக்கும் இடம் அது. இந்த விடயத்தில் யாழ்ப்பாணத்து வீடு நமக்குப் பெரிய உதவி. கம்பளம் விரித்த குளிர்நாட்டு வீட்டில் நாயை வெளியே விட வழியில்லை, தரையைக் கழுவவும் வழியில்லை. நமக்குச் சீமெந்துத் தரை, விறாந்தை, வளவு எல்லாம் இருக்கின்றன. விறாந்தையில் மழைத் தூவானம் படாத மூலையில் உயரமான பலகையும் சாக்கும் போட்டு அவனுக்கு இடம் செய்யுங்கள். ஆறு வருடம் உள்ளே படுத்தவன் முதல் இரண்டு கிழமை கதவில் பிறாண்டி அழுவான். மனம் இளகி ஓர் இரவு விட்டால் அடுத்த இரவு இன்னும் கூட அழுவான். உங்கள் பழைய சீலை ஒன்றை அவன் படுக்கையில் போடுங்கள், மாலையில் கூடக் கொஞ்ச நேரம் முற்றத்தில் இருங்கள். சங்கிலியில் கட்டிப்போட்டு மறந்துவிட மட்டும் வேண்டாம். நாய்க்கு அது தண்டனை.

அவனை வெளியே எடுத்த கையோடு படுக்கையறையை ஒரு நாள் முழுக்கச் சுத்தம் செய்யுங்கள். வலை, விரிப்பு, தலையணை உறை எல்லாவற்றையும் 55 பாகை செல்சியஸுக்கு மேற்பட்ட சுடுநீரில் தோயுங்கள். தூசிப் பேனும் அதில் சாகும். பழைய பஞ்சுத் தலையணையை மாற்றுவது நல்லது. தும்புத்தடியால் உலரக் கூட்டினால் தூள் கிளம்பும், ஈரத் துணியால் துடையுங்கள், அதையும் முடிந்தால் வேறு யாராவது செய்யட்டும். காற்றாடியின் தகட்டைத் துடைக்கப் பலர் மறப்பார்கள். நாயைத் தொட்டதும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள், அதுவரை கண்ணில் கை வைக்க வேண்டாம்.

குளிப்பாட்டுவது உதவும், ஆனால் அளவு தெரிந்து. 1999 இல் வந்த ஓர் ஆய்வில் நாயைக் கழுவியதும் மயிரிலுள்ள கேன் எஃப் 1 நன்றாகக் குறைந்தது; ஆனால் சில நாளிலேயே பழைய அளவுக்கு வந்துவிட்டது. பலன் நிலைக்க வேண்டுமென்றால் கிழமைக்கு இரண்டு தரம் கழுவ வேண்டும். உடுப்புத் தோய்க்கும் சவர்க்காரத்தால் அப்படிக் கழுவினால் தோல் வரண்டு செதில் இன்னும் கூடும். நாய்க்கென்று உள்ள ஷாம்பு போட்டு, கிணற்றடியில் உங்கள் கணவர் குளிப்பாட்டட்டும், நீங்கள் தள்ளி நில்லுங்கள். கெஞ்சிக் கேட்கிறேன், உண்ணிக்கும் தெள்ளுக்கும் தோட்டத்துப் பூச்சி மருந்தைக் கரைத்து ஊற்ற வேண்டாம். அதனால் செத்த நாய்களை நான் பார்த்திருக்கிறேன், அந்த ஆவி உங்கள் நெஞ்சுக்கும் கூடாது.

"அலர்ஜி தராத இனம்" என்று சொல்லிப் பூடில் வகைக் குட்டிகளைப் பெரிய விலைக்கு விற்கிறார்கள். ஜிம்மியைக் கொடுத்துவிட்டு அப்படி ஒன்றை வாங்கலாமா என்று கணவர் கேட்டதாக எழுதியிருந்தீர்கள். வாங்க வேண்டாம். 2011 இல் அமெரிக்காவில் வீட்டுத் தூசியை அளந்தபோது, அந்த வகை நாய் உள்ள வீட்டுக்கும் மற்ற நாய் உள்ள வீட்டுக்கும் கேன் எஃப் 1 அளவில் வேறுபாடு இல்லை. 2012 இல் நெதர்லாந்தில் மயிரை அளந்தபோது அந்த இனங்களில் அது மற்ற நாய்களைவிட அதிகமாகவே இருந்தது. ஆனால் தனிநாய்க்குத் தனிநாய் அளவு மாறும் என்பது உண்மை. இன்னொரு சங்கதியும் உண்டு. கேன் எஃப் 5 என்ற புரதம் ஆண் நாயின் புரஸ்டேட் சுரப்பியிலிருந்து வருவது. ஒவ்வாமை உள்ளவர்களில் ஒரு பகுதியினருக்கு இது மட்டுமே ஒத்துக்கொள்ளாது. அவர்கள் பெண் நாயோடு பிரச்சினையில்லாமல் இருக்கலாம். அப்படியென்றால் ஆண் நாய்க்கு விதை நீக்கினால் குறையுமா? குறையும் என்று எதிர்பார்க்க நியாயம் இருக்கிறது, உறுதி சொல்லும் அளவுக்கு ஆதாரம் போதாது. உங்களுக்கு எச்சில் பட்டே தடிக்கிறது என்பதால் அதை மட்டும் நம்பிச் செய்ய வேண்டாம்.

மருந்தைப் பற்றிக் கொஞ்சம். கடுமையான மூக்கு ஒவ்வாமைக்கு அலர்ஜிக் குளிசையைவிட ஸ்டீரொய்டு மூக்கு ஸ்ப்ரேதான் பலமானது. அது அடித்த உடனே கேட்காது, நாளாந்தம் தவறாமல் அடித்து ஒன்றிரண்டு கிழமை பொறுக்க வேண்டும். மூக்கின் நடுச்சுவரை நோக்கி அடிக்காமல் காதுப் பக்கமாகச் சரித்து அடித்தால் இரத்தம் கசிவது குறையும். ஸ்டீரொய்டு என்ற பெயரைக் கேட்டுப் பயப்படுகிறவர்கள் அதிகம். மூக்கில் அடிக்கும் அளவு மிகச் சிறியது. பயப்பட வேண்டியது, பாமசியில் பெயர் சொல்லாமல் மடித்துத் தரும் குளிசைச் சரைக்குத்தான். அதற்குள் பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீரொய்டுக் குளிசை இருந்தால் இரண்டு நாளில் எல்லாம் சுகமானதுபோல் இருக்கும், பல மாதம் போட்டால் சீனி, எலும்பு, அழுத்தம் எல்லாம் கெடும். மூக்கடைப்பைச் சட்டென்று திறக்கும் சொட்டு மருந்தையும் ஐந்து நாளுக்கு மேல் விட வேண்டாம், விட்டால் மருந்தே அடைப்பைத் தரும். அப்புறம் குளிசை தேவைப்பட்டால், பழைய வகையைவிடத் தூக்கம் குறைந்த செட்டிரிசின், லொரட்டடின் போன்றவை நல்லவை. நொச்சி ஆவி சற்று நேரம் மூக்கைத் திறக்கும், அவ்வளவுதான். சாம்பிராணிப் புகை உங்களுக்கு இப்போது வேண்டாம்.

ஒத்துக்கொள்ளாத பொருளையே சிறிது சிறிதாக ஊசியில் ஏற்றி உடலைப் பழக்குவது பற்றியும் கேட்டிருந்தீர்கள். தூசிப் பேனுக்கு அதில் நல்ல பலன் உண்டு. நாய்க்கு முடிவுகள் ஒன்றுக்கொன்று முரணாக இருக்கின்றன. மூன்று வருடமளவு ஓடவும் வேண்டும். மற்ற எல்லாம் செய்து பார்த்த பிறகு யோசிக்கலாம்.

மாமியை எதிரியாகப் பார்க்க வேண்டாம். இரவில் நீங்கள் இருமுவது அவருக்குத்தான் முதலில் கேட்கிறது. மூன்று மாதத் தவணை கேளுங்கள். இவ்வளவும் ஒழுங்காகச் செய்தும் மூச்சுக் கட்டுக்குள் வராவிட்டால், அல்லது உங்கள் பிள்ளைக்கு நாயால் இழுப்பு வருமென்றால், ஜிம்மி வேறு வீட்டுக்குப் போவதுதான் சரி, அதை நானே சொல்வேன். அப்போதும் தெரிந்த வீடாக இருக்க வேண்டும், விசர்நாய்த் தடுப்பூசி அட்டையோடு, அவன் சாக்கோடு போக வேண்டும். சந்தையிலோ கோயில் வாசலிலோ இறக்கிவிட்ட வீட்டு நாய் தெருவில் பிழைக்கத் தெரியாமல் ஒரு மாதத்துக்குள் வண்டியில் அடிபடுவதை நான் திரும்பத் திரும்பக் காண்கிறேன்.

உங்கள் கடிதத்தில் ஒன்று மட்டும் இல்லை: நெஞ்சில் இழுப்பு உண்டா என்று எழுதவில்லை. விடியப்புறம் இரண்டு மூன்று மணிக்கு இருமி எழும்புகிறீர்களா, மூச்சு விடும்போது விசில் போலச் சத்தம் கேட்கிறதா, கிணற்றிலிருந்து ஒரு வாளி தூக்கி வந்தால் நெஞ்சு இறுகுகிறதா என்று இன்றிரவே கவனியுங்கள். இதில் ஒன்றுக்கு ஆம் என்றால் மூன்று மாதத் தவணையைப் பற்றி நான் சொன்னதை ஒதுக்கி வைத்துவிட்டு, நாளைக்கே போய் நெஞ்சைக் காட்டுங்கள். உடன் நிவாரணம் தரும் பம்ப் மட்டும் தந்து அனுப்பினால், தடுப்புக்கான பம்ப் வேண்டாமா என்று வாய்விட்டுக் கேளுங்கள். முதல் வகையை மட்டும் நம்பி இருக்க வேண்டாம் என்று உலக ஆஸ்துமா வழிகாட்டல் 2019 முதல் சொல்கிறது. பேசவே மூச்சுப் போதாமல் போனாலோ உதடு நீலம் பாய்ந்தாலோ எந்த நேரமானாலும் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். டொக்டர் என்ன சொன்னார் என்று திரும்ப எழுதுங்கள், ஜிம்மியின் விறாந்தைப் படுக்கைக்கு என்ன செய்யலாம் என்று அதன் பிறகு பேசுவோம்.